சென்னை – கொழும்பு: ஒரு வழியின் நேரக்கணக்கு

சென்னைக்கும் கொழும்புக்கும் இடையே நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 680 கிலோமீட்டர். மீனம்பாக்கம் சென்னைக்குத் தெற்கிலும் கட்டுநாயக்க கொழும்புக்கு வடக்கிலும் இருப்பதால், விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு அளக்கும்போது தூரம் 640 கிலோமீட்டர் அளவுக்குக் குறைகிறது. இரண்டு ஊர்களும் கிழக்குத் தீர்க்கரேகை 80 பாகையை ஒட்டியே இருக்கின்றன. ஆகவே வழி கிட்டத்தட்ட நேர் வடக்கு–தெற்கு. வரைபடத்தில் அளவுகோலை வைத்துக் கோடு போட்டால், அது பாக் நீரிணையைத் தாண்டி யாழ்ப்பாணக் குடாநாட்டின்மேல், பலாலி ஓடுபாதைக்கு ஆறேழு கிலோமீட்டர் மேற்கே செல்லும். பாதி வழியில் யாழ்ப்பாணம் இருக்கிறது என்ற இந்தச் சின்ன விவரம் இந்த வழியின் வரலாற்றில் பலமுறை குறுக்கிடுகிறது.

இன்றைய ஜெட் விமானத்துக்கு இந்தத் தூரம் ஒரு பொருட்டே அல்ல. மேலே ஏறி, சமநிலையில் சிறிது நேரம் பறந்து, உடனே இறங்கத் தொடங்க வேண்டியதுதான். அட்டவணையில் ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம் வரை போட்டிருப்பார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இதே தூரத்துக்கு வாரக்கணக்கு ஆனது. ஆனால் வாரம் மணியாகக் குறைந்த கதை ஒரே சீராக இறங்கும் கோடு அல்ல. இயந்திரம் நேரத்தைக் குறைத்தபோதெல்லாம் நோய்த்தடுப்பு முகாமும், விசாவும், புயலும், போரும் அதைத் திரும்ப நீட்டின.

நேர்வழி இருந்தும் பெரிய கப்பல் எதுவும் அதில் போனதில்லை. காரணம் கடலின் ஆழமின்மை. இராமேசுவரம் தீவின் கிழக்கு முனையிலிருந்து மன்னார்த் தீவு வரை நீளும் மணல்திட்டுகளின் வரிசையை இராமர் பாலம் என்றும் ஆதாம் பாலம் என்றும் சொல்வர். அங்கே பல இடங்களில் ஆழம் இரண்டு மூன்று மீட்டர்தான். சென்னைத் துறைமுகத்திலிருந்து கொழும்புக்குச் செல்லும் கப்பல் இலங்கைத் தீவின் கிழக்குக் கரையைச் சுற்றித் தெற்கு முனையைத் தாண்டி மேற்கே ஏறித்தான் போக முடியும். பாக் நீரிணைக்குள் ஓடியவை தோணிகளும் சிறு பாய்மரக் கப்பல்களும்தான். நாகப்பட்டினம், வேதாரண்யம், தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் ஆகியவை இந்தப் பக்கத் துறைகள். பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, மன்னார் ஆகியவை அந்தப் பக்கம். நெல்லும் துணியும் போயின, பனைமரமும் புகையிலையும் வந்தன. பயண நேரத்தைக் காற்றே முடிவு செய்தது. வாய்த்தால் ஓரிரவு, வாய்க்காவிட்டால் கரையில் நாள்கணக்கில் காத்திருப்பு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வழியில் மிக அதிகமாகப் பயணம் செய்தவர்கள் வணிகர்களோ அதிகாரிகளோ அல்ல, தோட்டத் தொழிலாளர்கள். கண்டி மலைப்பகுதியில் 1830களிலிருந்து காப்பித் தோட்டங்கள் பரவத் தொடங்கின. திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், மதுரை, சேலம் பக்கத்து ஊர்களிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டினார்கள். ஊரிலிருந்து கடற்கரை வரை நடை. அங்கிருந்து தோணியில் மன்னார்க் கரை. மன்னாரிலிருந்து மாத்தளை வரை மறுபடி நடை. இந்தக் கடைசிப் பகுதி 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட காடு. குடிநீர் கிடைக்கும் இடங்கள் குறைவு, மலேரியாவும் காலராவும் அதிகம். வழியில் விழுந்தவர்களை அங்கேயே விட்டுவிட்டுக் கூட்டம் நகர்ந்ததுண்டு. கண்டிச் சீமைக்குப் போனவர்கள் எத்தனை பேர் தோட்டத்தைக் கண்ணால் காணாமலே மடிந்தார்கள் என்பது பற்றிப் பின்னாளில் வரலாற்றாசிரியர்கள் நீண்ட விவாதம் நடத்தியிருக்கிறார்கள். எண்ணிக்கையில்தான் கருத்து வேறுபாடு. அந்த நடை ஆட்கொல்லி என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை.

இரயில் வந்ததும் கணக்கு மாறியது. தென்னிந்திய இரயில்வேயின் பாதை 1876இல் தூத்துக்குடியை எட்டியது. சென்னை எழும்பூரில் மாலையில் ஏறினால் தஞ்சாவூர், திருச்சி, மதுரை வழியாக ஏறத்தாழ 22 மணி நேரத்தில் தூத்துக்குடி. அங்கிருந்து கொழும்புக்குக் கடல்வழியாக 150 கடல் மைல், நீராவிக் கப்பலில் ஓரிரவு. தூத்துக்குடியில் கரையோரம் ஆழம் போதாது. கப்பல் கரையிலிருந்து சில மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்க, பயணிகளையும் மூட்டைகளையும் சிறு படகில் கொண்டுபோய் ஏற்றினார்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அந்தச் சிறு படகுப் பயணம், அதற்குப் பின் வந்த கடல்வழி முழுவதையும்விடப் பலருக்குக் கொடுமையாக இருந்தது.

இரயில் இருந்தாலும் எல்லாரும் அந்த வழியை எடுத்தார்கள் என்று இல்லை. அமெரிக்கா, ஐரோப்பா பயணத்தை முடித்துத் திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897 ஜனவரி 15இல் கொழும்பில் இறங்கினார். கண்டி, அனுராதபுரம், வவுனியா வழியாக யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து படகில் பாம்பன் வந்து சேர்ந்தது ஜனவரி 26இல். இராமநாதபுரம், மதுரை, கும்பகோணம் என்று வழிநெடுக வரவேற்புகள். சென்னையை அடைந்தது பிப்ரவரி 6. மூன்று வாரத்தில் பெரும்பகுதி மேடைகளுக்கே போனது உண்மைதான். ஆனால் அப்போது யாழ்ப்பாணத்துக்கு இரயிலும் இல்லை. காங்கேசன்துறை வரையான இரயில்பாதை 1905இல்தான் முடிந்தது. காட்டுவழியில் மாட்டு வண்டியும் குதிரை வண்டியும்தான் கதி.

தூத்துக்குடி–கொழும்புக் கடல்வழி பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் கையில் இருந்தது. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்து, மறு ஆண்டு எஸ். எஸ். காலியா, எஸ். எஸ். லாவோ என்ற இரண்டு கப்பல்களைக் கொண்டுவந்து இறக்கினார். கட்டணப் போர் தொடங்கியது. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்குக் குறைக்க, சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கியது. இதற்குப் பதிலாக இலவசப் பயணத்தோடு குடையும் கொடுக்க எதிர்த்தரப்பு முன்வந்த கதை தமிழ்நாட்டில் இன்றும் சொல்லப்படுகிறது. 1908 மார்ச் 12இல் வ.உ.சி. கைதானார். தலைவர் சிறையில் செக்கிழுக்க, கம்பெனி சில ஆண்டுகளில் கலைந்தது. சென்னை–கொழும்பு வழியின் நேரத்தை இந்தப் போராட்டம் ஒரு நிமிடம்கூடக் குறைக்கவில்லை. ஆனால் அந்த வழியில் காசு யாருக்குப் போகிறது என்ற கேள்வியை அதற்கு முன்னும் பின்னும் யாரும் இவ்வளவு உரக்கக் கேட்டதில்லை.

அதே காலத்தில் தொழிலாளர்களுக்குத் தனி நேரக்கணக்கு ஒன்று உருவானது. இந்தியாவில் பிளேக் பரவியதும் இலங்கை அரசு வடக்கு நடைவழியை மூடிவிட்டு, எல்லாரையும் தூத்துக்குடி வழியாகத் திருப்பியது. தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் ஒரு முகாம். அக்கரையில், கொழும்பை அடுத்த ராகமையில் இன்னொன்று. தோட்டத்தின் எண் பொறித்த தகரச் சீட்டைக் கழுத்தில் அணிந்த தொழிலாளர் முகாமில் நாள்கணக்கில் அடைபட்டு, குளிக்கவைக்கப்பட்டு, துணிமணி ஆவியில் வேகவைக்கப்பட்டு, மருத்துவர் பார்வைக்குப் பிறகே கப்பலேற முடிந்தது. முதல் வகுப்புப் பயணிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரே இரயில், ஒரே கப்பல்; ஒருவருக்கு ஒன்றரை நாள், மற்றவருக்கு ஒரு வாரத்துக்கும் மேல்.

1914 பிப்ரவரி 24இல் பாம்பன் இரயில் பாலம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளம். கப்பலுக்கு வழிவிட நடுவே இரு பக்கமும் தூக்கித் திறக்கும் ஷெர்சர் கண். இரயில் தனுஷ்கோடி வரை போனது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கடல் 35 கிலோமீட்டர்தான். தென்னிந்திய இரயில்வேயே அதில் நீராவிக் கப்பல்களை ஓட்டியது. அந்தப் பக்கம் இலங்கை அரசு இரயில்வே மதவாச்சியிலிருந்து தலைமன்னார் இறங்குதுறை வரை பாதை போட்டது. மணல்திட்டுகளின் மேலேயே பாலம் கட்டி இரயிலைக் கடலைத் தாண்டவைக்கும் திட்டமும் அப்போது பேசப்பட்டது, கைகூடவில்லை. கைகூடியிருந்தாலும் எழும்பூரில் ஏறிய பெட்டியிலேயே கொழும்புக் கோட்டையில் இறங்கியிருக்க முடியாது. இந்தப் பக்கம் மீட்டர் கேஜ், அந்தப் பக்கம் அகலப் பாதை.

இப்படிப் பிறந்ததுதான் போட் மெயில். இதன் பயணம் அக்காலத்தவர் நினைவில் அழுத்தமாகப் பதிந்திருந்தது. கொழும்புக்கு நேரடி டிக்கெட் எழும்பூரிலேயே கிடைக்கும். இரவில் ஏறினால் விடியலில் திருச்சி, பகல் முழுக்க மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரத்துப் பொட்டல்வெளி. மண்டபம் தாண்டியதும் பாம்பன் பாலத்தில் வண்டி ஆள் நடக்கும் வேகத்துக்கு இறங்கும். கீழே இரு பக்கமும் கடல். பிற்பகலில் தனுஷ்கோடி. அங்கே இரயில் நிலையம், தபால் அலுவலகம், சுங்கச் சாவடி, மீன் கூடைகள், கோதண்டராமர் கோயிலுக்கு வந்த யாத்திரிகர்கள் எல்லாம் ஒரே மணல் முனையில். சுங்கச் சோதனை முடிந்து கப்பலேறினால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் கடல். அந்தி சாயும் நேரத்தில் தலைமன்னாரில் கொழும்பு வண்டி தயாராக நிற்கும். மறுநாள் காலை கோட்டை இரயில் நிலையம். மொத்தம் இரண்டு இரவு, ஒரு பகல்.

தூத்துக்குடி வழியிலும் கணக்கு இதுவேதான், இரண்டு இரவும் ஒரு பகலும். ஆக, பாம்பன் பாலம் மொத்த நேரத்தில் பெரிதாக எதையும் மிச்சப்படுத்தவில்லை. ஓரிரவுக் கடலை இரண்டரை மணி நேரமாக்கியது, அவ்வளவுதான். கடற்பயணத்தில் குடல் புரளும் மனிதருக்கு அது பெரிய வரம். தொழிலாளர்களுக்கோ தட்டப்பாறைக்குப் பதில் மண்டபம் வந்தது. மண்டபம் முகாமை இலங்கை அரசே, இந்திய மண்ணில், தன் செலவில் நடத்தியது. இரயில் வேகமாகக் கொண்டுவந்து விட்டாலும், மண்டபத்தில் காத்திருந்தே ஆகவேண்டும்.

கடிகாரம் பற்றியும் இங்கே ஒரு சொல். 1906 வரை சென்னைக்குத் தன் சொந்த நேரம் இருந்தது. இந்திய இரயில்கள் அந்த மெட்ராஸ் நேரத்தையே நெடுங்காலம் பின்பற்றின. சூரியனை வைத்துக் கணக்கிட்டால் கொழும்பு சென்னையைவிட ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று அதிகமாகப் பின்தங்கும். 1906இல் இரு நாடுகளும் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி நேரம் முந்திய நேரத்தை ஏற்றபின் அந்த வித்தியாசமும் மறைந்தது. தொண்ணூறு ஆண்டுகள் கழித்து அது வேறு உருவில் திரும்பிவந்தது.

வானூர்தியின் கதை அஞ்சல் பையில் தொடங்குகிறது. 1932 அக்டோபர் 15இல் ஜே. ஆர். டி. டாடா கராச்சியிலிருந்து ஒற்றை எஞ்சின் பஸ் மாத் விமானத்தில் 25 கிலோ அளவு தபாலோடு கிளம்பி அகமதாபாத் வழியாக பம்பாய் ஜுஹுவில் இறங்கினார். அங்கிருந்து அவரது கூட்டாளி நெவில் வின்சென்ட் பெல்லாரியில் இரவு தங்கி மறுநாள் சென்னைக்கு ஓட்டிவந்தார். இலண்டனிலிருந்து கராச்சி வரை இம்பீரியல் ஏர்வேஸ் கொண்டுவந்த தபால் இப்படித் தெற்கே வந்து சேர்ந்தது. கொழும்புக்கு அப்போது விமானத் தளமே இல்லை. நகரத்துக்குத் தெற்கே இரத்மலானையில் தளம் அமைக்கப்பட்டு, 1935 நவம்பர் 27இல் முதல் விமானம் இறங்கியது. அதுவும் ஒரு பஸ் மாத்தான். ஓட்டியவர் மெட்ராஸ் பிளையிங் கிளப்பின் தலைமைப் பயிற்றுநர் டிண்டேல்-பிஸ்கோ. புறப்பட்ட இடம் சென்னை. கொழும்பின் பன்னாட்டு விமான வரலாறே இந்த வழியில்தான் தொடங்கியது என்று சொல்லிவிடலாம்.

1938 பிப்ரவரி 28இல் டாடாவின் அஞ்சல் வழி சென்னையிலிருந்து திருச்சி வழியாகக் கொழும்பு வரை நீண்டது. மணிக்கு 200 கிலோமீட்டரை ஒட்டிப் பறந்த அக்காலச் சிறு விமானங்களுக்கு இது பாதிநாள் வேலை. இரண்டு இரவு ஒரு பகல் என்ற கணக்கு ஒரே அடியில் அரை நாளானது. இதற்குப் பிறகு நடந்த எந்த மாற்றமும் இவ்வளவு நேரத்தை விழுங்கவில்லை. ஆனால் பயணிக்கு இடம் மிகக் குறைவு, கட்டணம் அதிகம். அன்றைய சென்னைக்காரர் கொழும்புக்குப் போகிறார் என்றால் போட் மெயிலில் போகிறார் என்றுதான் பொருள்.

உலகப் போர் ஓடுபாதைகளைப் பெருக்கியது. பிரிட்டிஷ் விமானப்படை நீர்கொழும்புக்கு அருகே கட்டுநாயக்கவிலும், யாழ்ப்பாணத்தில் பலாலியிலும் தளங்கள் அமைத்தது. போர் முடிந்ததும் மலிவாகக் கிடைத்த டக்ளஸ் டக்கோட்டா விமானங்களை உலகமெங்கும் புதிய கம்பெனிகள் வாங்கிக் குவித்தன. இலங்கை வாங்கியவை மூன்று. சீதா தேவி, விகாரமகா தேவி, சுனேத்ரா தேவி என்று அரசியர் பெயர்கள். 1947 டிசம்பர் 10இல் அந்நாட்டு விமான நிறுவனமான ஏர் சிலோனின் முதல் சேவை இரத்மலானையிலிருந்து கிளம்பியது. அது போன வழி: இரத்மலானை, காங்கேசன்துறை, சென்னை. நாடு விடுதலை பெற இன்னும் எட்டு வாரம் இருந்தது. காங்கேசன்துறை என்று அட்டவணையில் குறிக்கப்பட்டது பலாலித் தளம்தான்.

டக்கோட்டாவின் பயண வேகம் மணிக்கு 270 கிலோமீட்டரை ஒட்டியது. அதன்படி இரத்மலானையிலிருந்து பலாலிக்கு ஒன்றேகால் மணி, பலாலியிலிருந்து சென்னைக்கு இன்னொரு ஒன்றேகால் மணி, இடையில் தங்கும் நேரம் வேறு. யாழ்ப்பாணத்தாருக்கு இதன் அருமை தனி. கொழும்புக்கும் சென்னைக்கும் ஒரே தூரம், ஒரே நேரம். வைத்தியத்துக்கும், கல்யாணச் சேலைக்கும், சிதம்பரம் தரிசனத்துக்கும், சங்கீத சீசனுக்கும் சென்னையோ திருச்சியோ கைக்கெட்டும் ஊர்களாயின. காலையில் யாழ்ப்பாணத்தில் சாப்பிட்டவர் மதியம் மயிலாப்பூரில் சாப்பிடலாம்.

விமானம் நேரத்தைச் சுருக்கிய அதே ஆண்டுகளில் தாள்கள் அதை நீட்டின. 1948இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர் வழிவந்த மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அதே ஆண்டு வந்த குடிவரவு–குடியகல்வுச் சட்டத்தின்பின் இந்தியர் இலங்கைக்குப் போக அனுமதி வேண்டியதாயிற்று. எழும்பூரில் டிக்கெட் வாங்கி ஏறிய காலம் முடிந்தது. டிக்கெட்டுக்கு ஒரு நாள், விசாவுக்குப் பல வாரம். விசா கிடைக்காதவர்கள் இரவில் பாக் நீரிணையைத் தாண்டினார்கள். கள்ளத்தோணி என்ற பழிச்சொல் அப்போது பிறந்து, பின்னர் சட்டப்படி வாழ்ந்த மலையகத் தமிழர் மீதும் வீசப்பட்டது.

1964இல் இரண்டு நிகழ்ச்சிகள் எட்டு வார இடைவெளியில் நடந்தன. அக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தர வேண்டும். இவ்வளவு பேர் எப்படித் திரும்பி வருவார்கள் என்ற கேள்விக்குத் தனுஷ்கோடி என்பதே விடையாக இருந்தது. டிசம்பர் 22 இரவு புயல் அந்த விடையை அழித்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்க்கொண்டிருந்த 653ஆம் எண் பயணிகள் வண்டியைக் கடல் அடித்துக்கொண்டு போனது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இரயில் நிலையம், இறங்குதுறை, ஊர் எல்லாம் மணலுக்கடியில். பாம்பன் பாலத்தின் இரும்பு உத்திரங்களில் பெரும்பாலானவை கடலில் விழுந்தன, திறக்கும் கண் மட்டும் தப்பியது. ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் பொறுப்பில் 46 நாளில் பாலம் மீண்டும் எழுந்தது. தனுஷ்கோடிப் பாதையை மட்டும் யாரும் மறுபடி போடவில்லை.

கப்பல் இராமேசுவரத்திலிருந்து கிளம்பத் தொடங்கியது. கடல் தூரம் கூடியது, வடகிழக்குப் பருவமழையில் சேவை நின்றுபோனது. ஒப்பந்தப்படி திரும்பியவர்களில் பெரும்பாலோர் இராமானுஜம் என்ற அந்தக் கப்பலில்தான் வந்து இறங்கினர். அவர்களைப் பதிவு செய்து பிரித்தனுப்பும் இடமாக மீண்டும் மண்டபம் முகாம். பாட்டனார் நுழைந்த வாசல் வழியே பேரன் வெளியே வந்தான்.

இதற்கிடையில் வானில் வேகம் கூடிவந்தது. 1953இல் தனியார் கம்பெனிகள் தேசியமயமாகி இந்தியன் ஏர்லைன்ஸ் உருவானது. கொழும்பு வழியும் அதன் கைக்குப் போயிற்று. அதன் வைகவுண்ட் விமானங்கள் டக்கோட்டாவைவிட இருமடங்கு வேகம். 1964இல் வந்த காரவெல் ஜெட் மணிக்கு 800 கிலோமீட்டரை எட்டியது. ஏர் சிலோன் 1969இல் டிரைடன்ட் ஜெட் வாங்கியது. இரத்மலானையின் ஓடுபாதை ஜெட்டுகளுக்குப் போதாது என்பதால் 1960களில் பன்னாட்டுச் சேவை கட்டுநாயக்கவுக்குப் பெயர்ந்தது. இதனால் வான்தூரம் 40 கிலோமீட்டர் குறைந்தது. ஆனால் இறங்கியபின் நகரத்துக்குள் போகச் சாலையில் 30 கிலோமீட்டருக்கு மேல் ஊர்ந்தாக வேண்டும். வானில் மிச்சமான மூன்று நிமிடத்துக்கு விலை தரையில் ஒரு மணி நேரம். 2013இல் அதிவேகச் சாலை திறக்கும் வரை அந்தக் கடன் தீரவில்லை.

ஜெட் வந்தபின் இந்த வழியின் பறக்கும் நேரம் ஏறக்குறைய அப்படியே நின்றுவிட்டது. டிரைடன்ட் இன்றைய ஏர்பஸ் 320ஐவிட வேகமாகவே பறக்கக்கூடியது. அட்டவணையில் போடும் நேரம் வானில் பறக்கும் நேரமல்ல. வாசலை விட்டு நகர்வதிலிருந்து மறுவாசலில் நிற்பது வரை. 640 கிலோமீட்டரை 800 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்தால் 48 நிமிடம் வரும். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் இல்லை. மீனம்பாக்கத்தின் முக்கிய ஓடுபாதை கிழக்கு–மேற்காகச் சாய்ந்து கிடக்கிறது. தெற்கே போகிற விமானம் எந்தப் பக்கம் எழும்பினாலும் திரும்பியாக வேண்டும். தரையில் ஊர்வது, வரிசையில் நிற்பது, இறங்கும் வரிசைக்காகச் சுற்றுவது எல்லாம் சேர்ந்துதான் ஒன்றரை மணியை நெருங்குகிறது. சென்னை–மும்பை போன்ற வழிகளில் போக ஒரு நேரம், வர ஒரு நேரம் ஆவதுண்டு. இங்கே அப்படி இல்லை. மேலடுக்குக் காற்று பெரும்பாலும் கிழக்கு–மேற்காக வீசுவதால் வடக்கு–தெற்காகப் போகும் விமானத்துக்கு அது பக்கக்காற்று மட்டுமே; முதுகில் தள்ளுவதுமில்லை, முகத்தில் தடுப்பதுமில்லை.

1970களின் முடிவில் ஏர் சிலோன் மூடப்பட்டது, பலாலியின் இந்தியச் சேவையும் அதோடு நின்றது. 1979இல் வந்த ஏர் லங்கா கட்டுநாயக்கவை மையமாகக் கொண்டது. இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் உள்நாட்டுப் போர் மூண்டது. இராமேசுவரம்–தலைமன்னார்க் கப்பலும் ஓய்ந்தது. 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கத்தில் குண்டு வெடித்து ஏறத்தாழ முப்பது பேர் இறந்தனர். குண்டிருந்த பெட்டிகள் கொழும்பு விமானத்தில் ஏற்றுவதற்காகக் கொண்டுவரப்பட்டவை. அதன்பின் இந்த வழியில் சோதனைக்குச் செலவான நேரம் பறக்கும் நேரத்தைத் தாண்டியது.

போர்க்காலத்தில் இந்த வழியின் முழு அபத்தத்தையும் அனுபவித்தவர் யாழ்ப்பாணத்துப் பயணிதான். சென்னை அவருக்கு வடக்கே 355 கிலோமீட்டர். ஆனால் போகவேண்டியது தெற்கே. அனுமதிச் சீட்டு, சோதனைச் சாவடிகள், கிளாலிக் கடலேரியில் இரவுப் படகு, வன்னிக் காட்டுவழி, வவுனியாவில் மறுபடி சோதனை, கொழும்பில் லாட்ஜ் என்று நாள்களோ வாரங்களோ கழியும். பிறகு கட்டுநாயக்கவில் விமானம் ஏறினால், அரை மணிக்குள் அது யாழ்ப்பாணக் குடாநாட்டை நெருங்கிவிடும். அவர் கிளம்பிய ஊரின் மேலேயே பறந்து சென்னைக்குப் போவார். படகில் நேராகத் தாண்டியவர்கள் அகதிகளாக இராமேசுவரத்தில் இறங்கினார்கள். அவர்களுக்கு மண்டபம் முகாம் மூன்றாம் முறையாகத் திறந்தது.

கடிகாரமும் இக்காலத்தில்தான் பிரிந்தது. வறட்சியால் நீர்மின்சாரம் குறைந்தபோது இலங்கை அரசு 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அக்டோபரில் அதில் அரை மணியைத் திரும்ப எடுத்தது. அதன்பின் சுமார் பத்து ஆண்டு சென்னையைவிடக் கொழும்பு அரை மணி முந்தியிருந்தது. காகிதத்தில் பார்த்தால் சென்னையிலிருந்து போக இரண்டு மணி நேரம், திரும்ப ஒரு மணி நேரம் மட்டும். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்தையே வைத்துக்கொண்டன. ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டியவர் கடிகாரத்தையும் திருத்த வேண்டியிருந்தது. 2006 ஏப்ரல் 15இல் கொழும்பு பழைய ஐந்தரைக்கே திரும்பியது.

போர் 2009இல் முடிந்தபின் பழைய வழிகளை ஒவ்வொன்றாகத் திறந்துபார்க்கும் முயற்சி நடந்தது. தூத்துக்குடி–கொழும்பு வழியில் 2011 ஜூனில் ஸ்கோஷியா பிரின்ஸ் என்ற பெரிய கப்பல் ஓடத் தொடங்கி, அந்த ஆண்டு முடிவதற்குள் நின்றது. மலிவு விமானம் ஒன்றரை மணியில் கொண்டுபோய் விடும்போது ஓரிரவுக் கப்பலுக்கு ஆள் கிடைக்கவில்லை. தலைமன்னார் இரயில்பாதையை இந்திய நிறுவனம் ஒன்று புதுப்பித்து 2015 மார்ச்சில் திறந்தது. பாம்பனில் புதிய இரயில் பாலம் 2025 ஏப்ரல் 6இல் திறக்கப்பட்டது. கடலின் இரு பக்கமும் இரயில் இருக்கிறது, நடுவே கப்பல் இல்லை. சென்னை–இராமேசுவரம் வண்டிக்குப் போட் மெயில் என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

உயிர்பெற்றது யாழ்ப்பாண வழி. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14இல் தொடங்கி, பருவமழை வந்ததும் ஒரு வாரத்துக்குள் நின்று, 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற வேறு கப்பலோடு திரும்பியது. 60 கடல் மைலுக்கு நான்கு மணி நேரம். பலாலி 2019 அக்டோபர் 17இல் யாழ்ப்பாணப் பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து வந்தது. கொரோனாவால் 2020இல் நின்ற சேவை 2022 டிசம்பரில்தான் மீண்டது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்தது.

பலாலியில் பெரிய ஜெட் இறங்க வசதி இல்லாததால் இரண்டு நிறுவனங்களும் ஏடிஆர் 72 ரக டர்போபிராப் விமானங்களையே ஓட்டின. அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவு. தரையில் ஊரும் நேரமும் சோதனை நேரமும் தூரத்தைப் பொறுத்துக் குறைவதில்லை. ஆகவே கொழும்பின் பாதித் தூரத்தில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அட்டவணையில் ஒன்றேகால் மணி போட்டிருந்தார்கள். டக்கோட்டா எடுத்துக்கொண்ட நேரமும் ஏறத்தாழ அதுதான்.